பாண்டி சரக்கு

ஜெயப்பிரகாஷுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான். டெலிவரி சார்ஜ். பொருளுக்கு என்ன விலை சொன்னாலும் முனகாமல் கொடுப்பான். அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்று தனியாகக் கேட்டால் மட்டும் உடம்பெல்லாம் எரியும். இலவச டெலிவரிக்குக் கொஞ்சம் குறைகிறதென்றால், அதைவிட அதிக விலையில் ஒரு நகவெட்டியைச் சேர்த்து வாங்கிக் கணக்கை நேராக்குவான். அவன் வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர், நகவெட்டி ஆறு. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கருவிகளைப் பராமரிக்கிறவன். ஒரு மீட்டர் நூலளவு தப்பாகக் காட்டினாலும் கண்டுபிடித்துவிடுவான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குப் புத்தி வேலை செய்யாது.

அவனுடைய அக்கா மாலதிக்கோ அந்த நகவெட்டிகளில் ஒன்றை எடுத்து அவன் நாக்கைக் கத்தரித்துவிட வேண்டும் போலிருந்தது. கடலூர் பஸ் நிலையத்தில், சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருந்தாள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். கடைசியில் ஓடி வந்து ஏறினான். தோளில் ஒரு பெரிய கட்டைப்பை தொங்கியது.

"எடுத்தாந்துட்டேன்க்கா" என்று பையைத் தட்டிக் காட்டினான். முகத்தில் பெருமை வேறு.

"பேசாத. பக்கத்துல ஒக்காராத. பின்னாடி போ" என்றாள் மாலதி.

அவன் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது.

விஷயம் இதுதான். மாலதி செம்மண்டலத்தில் ஒரு வாடகை வீட்டில், எட்டு வயது மகள் சினேகாவோடு இருக்கிறாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தேவனாம்பட்டினத்தில் அப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்ததில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, கிள்ளைப் பக்கத்துச் சொந்தத்தில் ராஜ்கமலைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போனவள். ராஜ்கமலுக்கு அங்கே டைல்ஸ் கடை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அதனால்தான் அவள் பாடு திண்டாட்டமாகிப் போனது. குடிக்கிறவனை விட்டு வந்தால் ஊர் ஒப்புக்கொள்ளும், அடிக்கிறவனை விட்டு வந்தாலும் ஒப்புக்கொள்ளும். தாழ்ப்பாளைக் கழற்றுகிறவனை விட்டு வந்தேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆமாம், தாழ்ப்பாள். கல்யாணமான புதிதில் படுக்கையறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினான். "நமக்குள்ள எதுக்கு?" என்றான். அவளுக்கு அது கொஞ்சலாகக்கூடத் தோன்றியது. பிறகு அவள் துணி மாற்றுகிற அறையில் கழற்றினான். பிறகு குளியலறையில். குளிக்கும்போது திறந்துகொண்டு வந்து நிற்பான். ஒன்றும் செய்ய மாட்டான், நின்று பார்த்துவிட்டுப் போவான். பள்ளிக்கூடப் பையைத் திறந்து பார்ப்பான், போனைத் திறந்து பார்ப்பான், அவள் திருத்தக் கொண்டுவந்த விடைத்தாள் கட்டைக்கூடப் பிரித்துப் பார்ப்பான். ஒரு நாள் பள்ளியிலிருந்து அப்படியே பெண்ணை அழைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

செம்மண்டலத்து வீட்டில் கதவுகள் இருந்தன, தாழ்ப்பாள்களும் இருந்தன. கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள். அப்புறம் ஆரம்பித்தது. பள்ளி விட்டு வந்தால் காலையில் வடித்து வைத்த சோற்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். சாப்பிட்ட தட்டு கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். இன்னொரு நாள் அவளுடைய புடவைகளெல்லாம் பீரோவில் நிறவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றும் திருட்டுப் போகவில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில், "சாப்ட்டுட்டு தட்டு கழுவி வச்சிட்டுப் போற திருடனாம்மா? எங்க வூட்டுக்கு அனுப்பி வைங்க" என்று சிரித்தார்கள். ராஜ்கமலோ, செம்மண்டலம் கடலூரில் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் எழுதியே கொடுத்துவிட்டான்.

அப்போதுதான் ஜெயப்பிரகாஷ் அலாரம் யோசனையைச் சொன்னான். கதவிலும் ஜன்னலிலும் சின்னச் சின்ன சென்சார், உள்ளே ஒரு பெட்டி, வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் சைரன். கதவை யாராவது திறந்தால் அலறும், அவள் போனுக்கும் தகவல் வரும். பெட்டியை ஒரு நண்பனிடம் வாங்கிவிட்டான். மற்ற சாமான்களை ஆன்லைனில் தேடினான். அங்கே வந்து நின்றது அவனுடைய விரோதி. கடலூர் பின்கோடு போட்டால் டெலிவரி சார்ஜ்; பாண்டிச்சேரி பின்கோடு போட்டால் இலவசம்.

"பாத்தியாக்கா அநியாயத்த? அரைமணி நேரத்துல பார்டர். அந்தப் பக்கம் ஃப்ரீயாம், இந்தப் பக்கம் காசாம்!" என்று குதித்தான். "கன்னியக்கோயில்ல நம்ம பாலகுமாரு செல்போன் கட வச்சிருக்கான்ல, அவன் அட்ரஸுக்குப் போட்டுடறேன். வந்ததும் நான் போயி எடுத்தாந்துடறேன்."

"அந்தக் காச நானே தர்றேன்டா. வூட்டுக்கே வரட்டும்" என்றாள் மாலதி.

"காசப் பத்தி இல்லக்கா. இது கொள்க."

அவனுடைய கொள்கை கன்னியக்கோயிலில் பாலகுமார் கடை மூலையில் போய்ச் சேர்ந்தது. அங்கேயே கிடந்தது. ஜெயப்பிரகாஷுக்குப் பகல் ஷிஃப்ட், பிறகு இரவு ஷிஃப்ட், பிறகு ஓவர்டைம். நாளைக்கு, நாளைக்கு என்று நாள் போனது. அதற்குள் மாலதியின் வீட்டுக்கு வருகிறவன் இன்னொரு தடவை வந்து போனான். இந்தத் தடவை சினேகாவின் தலையணை மேல் ஒரு சாக்லேட் இருந்தது.

அன்றைக்கு மாலதி தம்பிக்குப் போன் போட்டுக் கிழித்த கிழியில் அவன் கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். பதறிப்போய் பாலகுமாரிடம் பேசி, அதே பதற்றத்தில் அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அனுப்பியது அக்காவுக்கு இல்லை. 'சினேகா காதுகுத்து' என்ற குரூப்புக்கு.

அந்தக் காதுகுத்து நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாச்சா, எந்த மண்டபம், எத்தனை பேர் பந்தி என்று பேச ஆரம்பித்த குரூப். இரண்டு குடும்பமும் அதில் இருந்தது. தம்பதி பிரிந்தார்கள், குரூப் பிரியவில்லை. யாராவது முதலில் வெளியேறினால் உறவை முறித்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று ஒருவரும் வெளியேறவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கரும்புப் படம் போட்டுக்கொண்டு எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ராஜ்கமல் உட்பட.

ஜெயப்பிரகாஷ் பேசியது இது:

"அக்கா, பாண்டி சரக்கு வந்துடுச்சி. பாலகுமாரு பத்திரமா வச்சிருக்கான். பெருசு ரெண்டு, சின்னது எட்டு. ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பையத் தொறன்னா வம்பு, பில்லு வேற நம்ம பேர்ல இல்ல. நான் பக்குவமாக் கொண்டாந்துடறேன். பாப்பா தூங்குனதும் உன் வூட்லயே வச்சி ஓப்பன் பண்ணிக்கலாம். சின்னது சும்மா. பெருச ஒருவாட்டி அடிச்சிப் பாரு, தெருவே எழுந்து ஆடும்."

கம்பெனியில் அவனுக்கு எது வந்து இறங்கினாலும் சரக்குதான். ஆசிட் வந்தாலும் சரக்கு, ஆணி வந்தாலும் சரக்கு. ஆனால் கடலூரில் இருந்துகொண்டு, பார்டரைத் தாண்டி, பாண்டி சரக்கு என்று சொன்னால் பிறந்த குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும். முதல் ஆளாக ராஜ்கமலின் பெரியப்பா ஒருவர், "மாப்ள, எனக்கும் பெருசு ஒண்ணு எடுத்து வையி" என்று கேட்டிருந்தார். ராஜ்கமலின் அக்கா பொன்னி ஒரு கும்பிடு மட்டும் போட்டாள். ஜெயப்பிரகாஷ் விழித்துக்கொண்டு அதை அழித்தான். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்து நின்றது, அதுதான் கேடாக முடிந்தது. அழிக்கிற அளவுக்கு என்னமோ இருக்கிறது என்று, கேட்காதவர்களும் கேட்டவர்களிடம் கேட்டு வாங்கிக் கேட்டார்கள்.

ராஜ்கமல் குரூப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாவிட்டால் எங்கேயோ பேசப் போகிறான் என்று மாலதிக்குத் தெரியும்.

இன்றைக்குப் பேசப் போகிற இடம் சிதம்பரத்தில் மங்கலம் என்ற மூத்த வக்கீலம்மாவின் அலுவலகம். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு வைத்த சமரசப் பேச்சு, இது இரண்டாவது தடவை. சினேகா அம்மாவோடு கடலூரிலேயே இருப்பாளா, அப்பாவோடு சிதம்பரம் வந்து படிப்பாளா என்பதைப் பற்றி மங்கலம் எழுதுகிற அறிக்கை கோர்ட்டுக்குப் போகும். பெண்ணை அந்தத் தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்கு அனுப்ப மாலதி தயாராக இல்லை.

பஸ் சிப்காட்டைத் தாண்டியது. கெமிக்கல் நெடி உள்ளே வந்து எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஜெயப்பிரகாஷ் மட்டும் பொத்தவில்லை, அவனுக்குப் பழக்கம்.

"அக்கா, நானே மேடம்கிட்ட சொல்லிடறேன்."

"நீ வாயத் தொறந்ததே போதும்டா சாமி. எவ்ளோ மிச்சம் பண்ண? சொல்லு. என் புள்ளைய வித்து எவ்ளோ மிச்சம் பண்ண?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னா பாக்கறீங்க? அக்கா தம்பி பேசிக்கிறோம்" என்றாள். அவர் திரும்பிக்கொண்டார். புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் போயின. ஜெயப்பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாலதி பார்த்தாள். பார்த்தும் மனம் இளகவில்லை.

மங்கலத்தின் அலுவலகம் மாடியில் இருந்தது. ராஜ்கமல் முன்பே வந்து, அக்கா பொன்னியோடு உட்கார்ந்திருந்தான். மாலதியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். யார் பார்த்தாலும் எப்பேர்ப்பட்ட மனுஷன் என்பார்கள். மங்கலமும் அப்படித்தான் பார்த்தார். அறுபது வயதிருக்கும், கண்ணாடி போட்ட சிவந்த முகம், பேச்சில் அவசரமில்லை.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரல மேடம்" என்று ராஜ்கமல் தணிந்த குரலில் ஆரம்பித்தான். "எம் பொண்ணப் பாத்து ஒரு மாசமாச்சி. போன்லகூட ஒரு வார்த்த பேச விடல. அதக்கூட நான் பெருசு பண்ணல." கண் கலங்கினான். நன்றாகவே கலங்கினான். "ஆனா அந்த வூட்ல என்ன நடக்குதுன்னு நீங்க தெரிஞ்சிக்கணும். இத மட்டும் கேளுங்க."

போனை மேஜைமேல் வைத்து அழுத்தினான். அழிக்கப்பட்ட செய்தி எப்படியோ அவனிடம் உயிரோடு இருந்தது. ஜெயப்பிரகாஷின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பாண்டி சரக்கு வந்துடுச்சி. பெருசு ரெண்டு, சின்னது எட்டு. கேட்கக் கேட்க மங்கலத்தின் முகம் மாறுவதை மாலதி பார்த்தாள். 'பாப்பா தூங்குனதும்' என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். 'அடிச்சிப் பாரு' என்றபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இது உங்க தம்பிதானம்மா?"

"ஆமா மேடம்."

"டீச்சரா இருக்கீங்க. எட்டு வயசுப் பொண்ணு வீட்ல இருக்கு."

மாலதிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தம்பிமேல் கோபம், புருஷன்மேல் கோபம், ஒரு நிமிஷத்தில் தன்னைக் குடிகாரி என்று நம்பிவிட்ட இந்த அம்மாள்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். இத்தனை நாளாகத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை. சரக்கு என்ற ஒரு வார்த்தையை எல்லோரும் உடனே நம்புகிறார்கள்.

"டேய், பையத் தொற" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்தான். டேப் பிரியவில்லை, பல்லால் கடித்துப் பிரித்தான். சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளாக எட்டு சென்சாரையும் மேஜைமேல் பரப்பினான். "இதான் மேடம் சின்னது." பிறகு சோற்று டிபன் பாக்ஸ் அளவுக்குச் சிவப்பாக இரண்டு சைரன். "இதான் பெருசு. வூட்டு அலாரம் மேடம். ஒயரு, பேட்டரி எல்லாம் இருக்கா, செக்போஸ்ட்ல பாத்தா வெடிகுண்டுன்னு புடிச்சி வச்சிடுவாங்கன்னுதான்... பாண்டி அட்ரஸுக்குப் போட்டா டெலிவரி ஃப்ரீ மேடம். அதான்."

மங்கலம் ஒரு சைரனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அடிச்சாதான் தெருவே எழுந்து ஆடுமா?" என்றார். உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். பொன்னியும் சேர்ந்துகொண்டாள். "நான் மூணு நாளா சாமி ரூம்ல வெளக்கேத்தி அழுதேன்டா பாவி" என்று ஜெயப்பிரகாஷின் தோளில் அடித்தாள். அவனும் சிரித்தான், உயிர் திரும்பி வந்த சிரிப்பு. ராஜ்கமல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "மச்சான், நீ திருந்தவே மாட்ட" என்றான்.

டீ வந்தது. மங்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, உக்காந்து பேசினா எல்லாம் தெளிஞ்சிடுது" என்றார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறதும் இந்த மாதிரி ஏதாச்சும் ஒரு தப்பர்த்தமாத்தான் இருக்கும். என்னம்மா மாலதி? சிரிங்க. கொஞ்சம் சிரிங்க."

மாலதி சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த எட்டு வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்தாள். சாராயம் இல்லை என்று தெரிந்ததும் இவர்களுக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. தனியாக இருக்கிற ஒரு பொம்பளை வீட்டுக்கு எட்டு சென்சாரும் இரண்டு சைரனும் எதற்கு என்று இந்த அறையில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? டீ குடிக்கிறார்கள். பிஸ்கட் தொட்டுக்கொள்கிறார்கள். அவளுக்குக் கப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

ராஜ்கமலுக்கு அந்தச் சிரிப்பு ஏறிப்போயிருந்தது. காலை நீட்டிக்கொண்டு, சொந்த வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசினான்.

"எதுக்கு மாலதி இவ்ளோ செலவு? பின்வாசல்லதான் அரிசி டிரம்ம முட்டுக் குடுத்து வச்சிருக்க. அத நவுத்துற சத்தமே ஊருக்குக் கேக்குது. அதவிடவா இது அடிச்சிடப் போவுது?"

பொன்னி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரகாஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்ன டிரம்மு?" என்று அக்காவைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரியாதுதான். வெளியில் யாருக்குமே தெரியாது. தலையணைமேல் சாக்லேட்டைப் பார்த்த அன்றைக்கு, சினேகா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, மாலதி தனியாக அந்த டிரம்மை இழுத்து, வெளியிலிருந்து நெம்பினால் தாழ்ப்பாள் நழுவிவிடுகிற பின்கதவில் சாய்த்து வைத்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தைலம் தேய்த்தாள். அது போன வாரம். அதற்கப்புறமும் ஒருவன் பின்கதவைத் தள்ளியிருக்கிறான். நகர்த்தியிருக்கிறான், சத்தம் கேட்டிருக்கிறான், நகர்த்தியதைக் கதவிடுக்கில் கை விட்டுத் திரும்பவும் இழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளுக்குத் தெரியவேயில்லை.

"நீ எப்ப நவுத்துன?" என்றாள் மாலதி.

பதினோரு வருஷத்தில் அவனை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. சண்டையில்கூட 'நீங்க'தான். பொன்னியின் சிரிப்பு அந்த ஒரு எழுத்தில் நின்றது.

"மரியாதையாப் பேசு" என்றான் ராஜ்கமல்.

"நீ எப்ப வந்த? எந்த நேரத்துல வந்த? நான் ஸ்கூல்ல இருக்கும்போதா, இல்ல நானும் எம் புள்ளையும் உள்ள தூங்கும்போதா? சொல்லுடா!"

மங்கலம் டீயைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். செம்மண்டலம் எந்தப் பக்கம்னே தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"பாப்பா சொல்லுச்சி மேடம். டிரம்மு இருக்குன்னு."

"பாப்பாகிட்ட ஒரு மாசமாப் பேசலன்னு இப்பதான சொன்னீங்க. அழுதீங்களே."

ராஜ்கமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்தபோது அவன் முகத்தில் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. விளங்காத பிள்ளைக்கு விளக்குகிற பொறுமைதான் இருந்தது.

"எம் பொண்டாட்டி இருக்கற வூடு மேடம். நான் போவக்கூடாதா? நான் என்ன திருடனா? எதையாச்சும் எடுத்தனா? சாப்பாடு போட்டுச் சாப்ட்டேன். தட்டக்கூட கழுவி வச்சிட்டுதான் வந்தேன்."

பொன்னி தம்பியை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று சொல்ல முடியாது.

மங்கலம் மாலதியின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. "இத ஏம்மா நீங்க முன்னாடியே சொல்லல?"

அவ்வளவுதான். அதுவரை பிடித்து வைத்திருந்தது உடைந்தது.

"சொல்லலியா? யார்கிட்ட மேடம் சொல்லல? பாத்ரூம் தாழ்ப்பாளக் கழட்டுறார்னு எங்கம்மாகிட்ட சொன்னேன், ஆசையா இருக்காருடின்னாங்க. இந்த அண்ணிகிட்ட சொன்னேன், எந்தம்பி குடிக்கிறானா அடிக்கிறானான்னாங்க. புகார் குடுக்கப் போனேன், அந்தத் திருடன எங்க வூட்டுக்கு அனுப்புன்னாங்க. போன தடவ இதே நாற்காலியில ஒக்காந்து உங்ககிட்டயும் சொன்னேன். பெரியவங்களா விட்டுக் குடுத்துப் போங்கன்னீங்க. சரக்குன்னு இவன் ஒரு வார்த்த சொன்னான், மறுபேச்சு இல்லாம நம்புனீங்கல்ல? நான் எத்தன வார்த்த சொல்லியிருப்பேன்? அதுல ஒண்ணுகூடவா உங்க காதுல வுழல?"

கீழே தெருவில் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் அண்ணாமலைநகர், அண்ணாமலைநகர் என்று கூவிக்கொண்டிருந்தார். மங்கலத்தின் முகம் இன்னும் சிவந்தது. அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ராஜ்கமல் இப்போது சொன்னதை அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து அவனுக்குப் படித்துக் காட்டினார். "சாப்பாடு போட்டுச் சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். சரிதான?" என்று கேட்டார். அவன் கையெழுத்துப் போட மறுத்தான். "பரவால்ல. மறுத்தாருன்னும் எழுதிக்கறேன்" என்றார். குழந்தை கடலூரை விட்டு எங்கேயும் போகாது, பார்ப்பதாக இருந்தால் இந்த அலுவலகத்தில், தன் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்று பரிந்துரை செய்யப்போவதாகவும் சொன்னார்.

மாலதிக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. சென்சார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். ராஜ்கமல் வாசலில் வழிவிட்டு ஒதுங்கி நின்று, "பாத்துப் போ" என்றான். எப்போதும் சொல்கிற அதே குரல். அந்தக் குரல்தான் அவளுக்கு உடம்பைக் கூச வைத்தது.

சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் ஜெயப்பிரகாஷ் வேலையை ஆரம்பித்துவிட்டான். ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டான். அவன் மனைவி வித்யா சினேகாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து விட்டுவிட்டு, நிலைமையைப் பார்த்துக் காபி போட்டாள். டிரம்மை நகர்த்தி, பின்கதவில் முதல் சென்சாரைப் பொருத்தினான். பிறகு ஜன்னல்கள், முன்கதவு. சினேகா யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் அவன் பின்னாலேயே ஸ்க்ரூக்களைக் கையில் ஏந்திக்கொண்டு திரிந்தாள்.

"இது எதுக்கு மாமா?"

"கதவத் தொறந்தா கத்தும்."

"யாரு தொறந்தாலுமா?"

"நீயும் அம்மாவும் நம்பர் அழுத்திட்டுத் தொறந்தா கத்தாது. வேற யாரு தொறந்தாலும் கத்தும்."

சினேகா யோசித்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, அம்மா அடுப்படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மாமாவின் காதருகே குனிந்தாள். மாலதி கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள்.

"மாமா, அப்பா வந்தா மட்டும் கத்தாத மாதிரி வைங்க. அப்பா பாவம், பயந்துடுவாரு. அம்மா தூங்கும்போது எனக்கு சாக்லேட் குடுக்க வருவாரு. சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

ஜெயப்பிரகாஷின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

மாலதி வெளியே வந்தாள். பெண்ணின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். திருடனுக்காக என்று சொல்லிவிடலாம், இத்தனை நாள் அப்படித்தான் சொல்லி வந்தாள். இன்றைக்கு அவளால் அது முடியவில்லை.

"அப்பாவுக்காகத்தான்டி இது" என்றாள். "அவரு வந்தாதான் கத்தணும்."

சினேகாவின் உதடு பிதுங்கியது. ஸ்க்ரூக்களைத் தரையில் போட்டுவிட்டு, அம்மாவின் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

ஜெயப்பிரகாஷ் எழுந்து கதவைத் தட்டப் போனான்.

"தட்டாத" என்றாள் மாலதி. "அவளா தொறக்கட்டும்."